லண்டன் தீயணைப்புப் படை: சம்பளத்துக்கு ஓர் அளவுகோல் தேடிய வரலாறு

லண்டனில் தீயணைப்பு என்பது முதலில் காப்பீட்டு நிறுவனங்களின் வேலை. தனித்தனியே படை வைத்திருந்த அந்நிறுவனங்கள் 1833-இல் அவற்றை ஒன்றாக்கின. ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் 80 வீரர்களும் 13 நிலையங்களும் மட்டுமே இருந்தன. 1861 ஜூன் 22 அன்று டூலி தெருக் கிடங்குகள் பற்றியெரிந்தபோது சுவர் இடிந்து விழுந்து பிரெய்ட்வுட் உயிரிழந்தார். பெரும் இழப்பீட்டுச் சுமையைக் கண்ட நிறுவனங்கள், இனி எங்களால் இயலாது என்று கைவிரித்தன. நாடாளுமன்றம் 1865-இல் சட்டம் இயற்ற, மறு ஆண்டு பெருநகரத் தீயணைப்புப் படை பிறந்தது.

படைக்கான நிதி மூன்று வழிகளில் வந்தது: மக்கள் செலுத்தும் வரியில் பவுண்டுக்கு அரைப் பென்னி, காப்பீட்டு நிறுவனங்களின் பங்கு, அரசு ஆண்டுதோறும் தந்த 10,000 பவுண்டு. அரைப் பென்னிக்கு மேல் வரி போகக்கூடாது என்பது சட்டத்தின் வரம்பு. நகரம் வளர்ந்தது, தீ விபத்துகளும் பெருகின. நிதி மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. வீரர்களோ குடும்பத்தோடு நிலையத்திலேயே குடியிருந்து இரவு பகலாகப் பணியில் இருந்தார்கள்.

காவலருக்கு இணையாக

1918-இல் தீயணைப்போர் தொழிற்சங்கம் உருவானது. 1930 முதல் அதுவே தீயணைப்புப் படைகள் சங்கம். 1920-இல் அரசு அமைத்த மிடில்புரூக் குழு, தீயணைப்பு வீரருக்குக் காவலருக்கு இணையான சம்பளம் தரலாம் என்று பரிந்துரைத்தது. அதே காலத்தில் லண்டனில் இரண்டு ஷிப்ட் முறை வந்து, வேலை நேரம் வாரத்துக்கு 72 மணியாகக் குறைந்தது. சம்பளத்துக்கு ஒரு பொது அளவுகோல் கிடைத்தது இந்தத் தொழிலாளர்களின் முதல் பெரிய வெற்றி.

இரண்டாம் உலகப் போரில் துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்த ஆண்களுக்கு வாரம் 3 பவுண்டு கொடுத்தார்கள். குண்டு விழாத முதல் மாதங்களில், ராணுவத்துக்குப் பயந்து ஒளிந்தவர்கள் என்ற ஏச்சும் அவர்களுக்குக் கிடைத்தது. 1940 செப்டம்பர் 7 முதல் 57 இரவுகள் தொடர்ந்து குண்டுமழை பொழிந்தபோது, அதே மக்கள் அவர்களை வீரர்கள் என்று போற்றினார்கள். ஆனால் போர் முடிந்த சில ஆண்டுகளில் காவலருக்கு இணை என்ற அளவுகோல் கைநழுவியது. 1951-இல் வீரர்கள் எதிர்ப்புக் காட்டியும் பலனில்லை.

ஒன்பது வாரம்

1977-இல் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. அரசு எவருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் ஊதிய உயர்வு இல்லை என்றது. வீரர்கள் 30 சதவீதம் கேட்டார்கள். சங்கத் தலைமை வேலைநிறுத்தம் வேண்டாம் என்று சொன்னபோதும் மாநாட்டுப் பிரதிநிதிகள் அதை மீறி வாக்களித்தார்கள். நவம்பர் 14 அன்று, நாட்டின் முதல் தேசிய தீயணைப்பு வேலைநிறுத்தம் தொடங்கியது. 1950-களில் தயாரான பச்சை வண்டிகளில் ராணுவத்தினர் தீயணைக்கச் சென்றார்கள். உயிர்களோடு விளையாடலாமா என்று ஒரு தரப்பு கேட்டது. உயிரைப் பணயம் வைப்பவன் குடும்பம் நடத்தத் திண்டாடலாமா என்று மறுதரப்பு கேட்டது.

ஒன்பது வாரம் நீடித்த போராட்டம் 1978 ஜனவரியில் முடிந்தது. உடனடியாகக் கிடைத்தது 10 சதவீதம்தான். அதைவிடப் பெரிது எழுத்தில் கிடைத்த சூத்திரம்: உடலுழைப்பு ஆண் தொழிலாளர்களில் மேல் கால் பகுதியினரின் வருமானத்தோடு தீயணைப்பு வீரரின் சம்பளம் இணைக்கப்பட்டது. வேலை நேரமும் வாரத்துக்கு 42 மணியானது. இந்தச் சூத்திரம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு தொழில் அமைதியைக் காத்தது.

2002-இல் அந்தச் சூத்திரம் காலத்துக்குப் பொருந்தவில்லை என்று சங்கம் கூறியது. அப்போது அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 21,531 பவுண்டு. சங்கம் 30,000 கேட்டது. இந்த வேலைக்குப் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்களே, பிறகு சம்பளம் எப்படிக் குறைவாகும் என்று வாதிட்டவர்கள் உண்டு. லண்டன் வீட்டு விலையைப் பாருங்கள் என்றார்கள் வீரர்கள். நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்க, 19,000 ராணுவத்தினர் களமிறக்கப்பட்டார்கள். 2003 ஜூனில் மூன்றாண்டுகளுக்கு 16 சதவீத உயர்வும், அதோடு பணிமுறை மாற்றங்களும் ஏற்கப்பட்டன.

பாராட்டும் பணமும்

2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் பலியானார்கள். எரியும் கட்டடத்துக்குள் ஏறிய வீரர்களை நாடே பாராட்டியது. இரண்டே வாரத்தில், தீயணைப்பு வீரர்களையும் கட்டுப்படுத்திய பொதுத்துறை ஊதிய உயர்வு உச்சவரம்பை நீக்கக் கோரிய திருத்தம் நாடாளுமன்றத்தில் 309-க்கு 323 என்ற வாக்குகளில் தோற்றது. 2023-இல் வீரர்கள் மீண்டும் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்த பிறகே 7 சதவீதமும் 5 சதவீதமுமாக இரு கட்ட உயர்வு வந்தது, வேலைநிறுத்தம் தேவைப்படவில்லை.

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அளவுகோல் நடப்பில் இருந்தவரை லண்டனில் தீயணைப்பு வண்டிகள் தடையின்றி ஓடின; அது கைவிடப்பட்ட போதும் காலாவதியான போதும் வீரர்கள் தெருவுக்கு வந்தார்கள். தியாகத்தைப் போற்றும் நகரம் எதுவாயினும், விபத்து நடக்கும்வரை காத்திராமல், நியாயமான ஓர் அளவுகோலை எழுதி வைத்து, காலந்தோறும் திருத்திக் காக்க வேண்டும். பாராட்டு சம்பளப் பட்டியலிலும் ஏறினால்தான் அது முழுமையான பாராட்டு.