முகமும் எடையும்

இலக்கியத்தில் உருவமா உள்ளடக்கமா என்று நாம் போட்டுக்கொள்ளும் சண்டை தங்கம் வாங்குகிறவர்களுக்குப் புதிதல்ல. கட்டியாக வாங்குவதா, காசாக வாங்குவதா, நகையாக வாங்குவதா? உருக்கினால் எல்லாம் ஒன்று. எனவே கூலியும் சேதாரமும் குறைந்ததை வாங்கு என்பது கணக்குத் தெரிந்தவர்களின் தீர்ப்பு. அதன்படி கட்டிக்கு முதலிடம், நகைக்குக் கடைசி இடம். கணக்கில் பிழையில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு, நகையைத் தேர்ந்துகொண்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டுவது சரித்திரம் படிக்காத பேச்சு என்றே எனக்குப் படுகிறது.

யவனர் பொன்னைக் கொட்டி மிளகு கொண்டுபோனதைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். வந்த காசை இங்கே எப்படிப் பார்த்தார்கள் என்பது அதைவிட முக்கியம். தென்னிந்தியாவில் கிடைத்துள்ள ரோம வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் இருவர் காலத்தவை. கி.பி. 64ல் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். அதற்குப் பிந்தியவை இங்கே அபூர்வம். 1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. இந்த வெட்டுக்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது இது: உன் முகம் இங்கே செல்லாது, எடை மட்டும் போதும் என்று யாரோ உளியால் சொல்லியிருக்கிறார்கள்.

பின்னால் வந்த முகத்துக்கு இந்தக் கதி நேரவில்லை. 1817ல் இங்கிலாந்தில் வெளியான சாவரின் 22 காரட்; எடை 7.988 கிராம். 1899ல் இந்தியாவில் 15 ரூபாய் மதிப்பில் அது சட்டப்படி செல்லுபடியாயிற்று; 1918ல் பம்பாயிலேயே அடித்தார்கள். அதைத்தான் பவுன் என்றும் சவரன் என்றும் சொன்னோம். காது வைத்துக் காசுமாலையில் கோத்தோம். செலாவணியிலிருந்து காசு போய்விட்டது. பெயர் மட்டும் 8 கிராம் எடைக்குப் பெயராக நின்றுவிட்டது. ரோமக் காசில் முகத்தை வெட்டி எடையை எடுத்துக்கொண்டோம். இந்தக் காசிலோ எடையோடு பெயரையும் எடுத்துக்கொண்டோம்.

சுதந்திர அரசு உருவத்தைத் தானே தீர்மானிக்க முற்பட்டது. சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. நகையல்லாத தங்கத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும். பத்தர்கள் வேலையிழந்தார்கள், தற்கொலைகள் நடந்தன. 14 காரட் விதி 1966ல் போயிற்று. ஆனால் 1968ல் வந்த சட்டம் தனிமனிதர் கட்டித் தங்கம் வைத்திருப்பதைத் தடுத்தது. 1990 வரை அது இருந்தது. அந்த வருஷங்களில் கட்டி, பத்துத் தோலா பிஸ்கட்டாகக் கள்ளத்தனமாகக் கடல் தாண்டி வந்தது. சட்டத்துக்குப் பயந்தவனுக்கு நகை ஒன்றுதான் மிச்சம். நகைப் பித்து என்று எந்த ஜனங்களை வைதார்களோ அவர்களுக்கு வேறு உருவத்தை அனுமதிக்கவில்லை.

சட்டம் மட்டும் காரணமல்ல. நிலம் பிள்ளைகளுக்குப் போன வீட்டில் பெண்ணுக்கு வந்த பங்கு நகைதான். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் சொன்னது 1989ல். சீதனம் மனைவியின் முழுச் சொத்து, கணவன் அதைத் தரமறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1985ல். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அவள் உரிமைக்குச் சாட்சி அவள் கழுத்தும் கையும்தான். பீரோவுக்குள் போன கட்டி யாருடையது என்று கேட்டால் வீட்டு ஆண்பிள்ளைதான் பதில் சொல்வான். கழுத்தில் கிடப்பதை வாங்க அவளிடம் ஒரு வார்த்தையாவது கேட்கவேண்டும். இன்றும் ஈட்டுக்கடனுக்குப் போனால் வங்கி நகையை எடைபோடும். கட்டியை ஈடாக எடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம்கொடுப்பதில்லை. கணக்கர் சேதாரம் என்று கழிப்பதில் ஒரு பகுதி, இந்த உரிமைக்கு அவள் தந்த விலை.

இதனால் நகை விடுதலை என்று நான் சொல்லவரவில்லை. பெண்ணின் பெயரில் நிற்கக்கூடிய ஒரே உருவம் என்பதாலேயே அதைக் கேட்டு வாங்கவும் முடிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் நகையின் வேலைப்பாட்டைக் கேட்பதில்லை. எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்கிறார்கள். ராஜா போனபின்னும் அவன் காசு இப்படிச் செல்லுபடியாகிறது. சக்கரவர்த்தியின் தலையை வெட்டிய உளி இந்தக் காசின்மேல் இன்னும் விழவில்லை.