சோவார் கடிகாரமும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்றாசிரியர் கல்வெட்டையும் நாணயத்தையும் சான்றாகக் கொள்வதுபோல, படைவீரரும் உழைப்பாளரும் மணிக்கட்டிற் கட்டிய கடிகாரத்தையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். ரோலெக்ஸ், ஒமேகா ஆகியவற்றை நாடும் சேகரிப்பாளர் பலர் கவனியாது விடும் ‘சோவார் பிரிமா’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1886ஆம் ஆண்டு தோன்றிய வெஸ்ற் என்ட் நிறுவனம், சுவிற்சலாந்திற் செய்யப்பட்ட கடிகாரங்களைப் பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களை நிலைக்களனாகக் கொண்டு கீழைத்தேயத்தில் விற்றது. ‘சோவார்’ என்பது குதிரைவீரனைக் குறிக்கும் பாரசீகவழிச் சொல். தமிழில் வழங்கும் ‘சவாரி’ அதன் உறவுச்சொல்லாகும். முதலாம் உலகப் போரில் மெசப்பொத்தேமியாவிற் போரிட்ட பிரித்தானிய இந்தியப் படையினரிடையே இந்நிறுவனத்தின் கடிகாரங்கள் புழங்கின. வாங்குவோன் யாரென்பதைப் பெயரே உணர்த்திற்று.

கடிகாரம் கீழே விழுந்தால் எளிதில் முறிவது சமநிலைச் சில்லின் மெல்லிய அச்சுமுனையாகும். இன்காபுளொக் அமைப்பில் அச்சைத் தாங்கும் கல்லை ஒரு சிறு வில் பிடித்திருத்தலின், அதிர்ச்சியின்போது கல் விலகி மீண்டும் தன்னிடஞ் சேரும். 1934இல் இதனை முதன்முதற் பயன்படுத்திய நிறுவனங்களுள் வெஸ்ற் என்டும் ஒன்று. குதிரை முதுகிலும், தெமட்டகொடைப் புகையிரத எஞ்சின் கொட்டகை போன்ற தொழிற்களங்களிலும் குலுக்கமும் எண்ணெயும் தூசியும் ஓயாதவை. அத்தகைய வாழ்வுக்கு அழகினும் இப்பாதுகாப்பே இன்றியமையாதது.

ஆயின், இக்கடிகாரங்களின் வரலாற்று மதிப்பு இன்று பெரிதும் அழிவது சந்தையிலேயே. மங்கிய முகப்புக்குப் புதுவண்ணந் தீட்டியும், வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றுகூட்டியும் விற்கும் வழக்கம் பரவியுள்ளது. புதுமுகப்பு கண்ணைக் கவரும். எனினும் பழைய எழுத்தமைதி, நிறமாற்றம், கீறல் ஆகிய காலக்குறிகள் அதனால் மறைந்துவிடும். பழைய ஒளிர்முகப்புகளிற் பூசப்பட்ட இரேடியம் குறித்தும் விழிப்பு வேண்டும். ஒளிரும் நாகசல்பைட்டு சில பத்தாண்டுகளிற் சிதைந்து ஒளி குன்றினும், இரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாகும். அதனைச் சுரண்டித் தூசாக்குதல் சான்றையும் அழிக்கும். உடலுக்கும் ஊறு செய்யும்.

ஆதலின் முகப்பு, இயந்திரம், பின்மூடியின் உட்பக்க முத்திரை ஆகிய மூன்றும் ஒரே காலத்தனவா என ஒப்புநோக்குதல் சேகரிப்பாளரின் முதற்கடன். அரசரின் வாளைக் காக்க அரும்பொருட்காட்சியகங்கள் உள. பெயர் பதியப்படாத உழைப்பாளியின் மணிக்கூட்டைக் காப்பவர், அதனை மாற்றாது பேணும் சேகரிப்பாளரே.