கொரிய வாட்கலைப் பயிற்சியின் வரலாறு

கொரிய வாட்கலைப் பயிற்சி நூல்வடிவம் பெற ஒரு போரே காரணமாயிற்று. 1592இல் ஜப்பான் படையெடுத்தபோது, வில்வித்தையில் தேர்ந்த ஜோசொன் அரசின் வீரர்கள் நேருக்கு நேரான வாட்போரில் திணறினர். இதையடுத்து, சீனப் படைத்தலைவர் சீ ஜிகுவாங்கின் நூலைத் தழுவி, 6 படைக்கலப் பயிற்சிகளைக் கொண்ட 'முயேஜெபோ' 1598இல் தொகுக்கப்பட்டது. இப்பயிற்சிகள் 1759இல் 18 ஆகவும், மன்னர் ஜொங்ஜோவின் ஆணைப்படி 1790இல் வெளிவந்த 'முயேதோபோதொங்ஜி' நூலில் 24 ஆகவும் பெருகின. எதிரியாயிருந்த ஜப்பானின் வாள்முறையும் அதில் இடம்பெற்றது.

ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் (1910–1945) கெண்டோ பரவியது. இன்றைய கும்டோ அதிலிருந்து வளர்ந்ததே. 1790ஆம் ஆண்டு நூலின் முறைகளைக் கற்போர், படங்களிலும் குறிப்புகளிலும் உள்ள நிலைகளுக்கு இடைப்பட்ட அசைவுகளைத் தாமே ஆய்ந்து மீட்டமைக்க வேண்டியுள்ளது.