ஈயம் பூசிய காலம்

பிழைப்பை நாடித் தில்லிக்கும் பம்பாய்க்கும் குடிபெயர்ந்த நம்மவர், நசுங்கிவிடாதபடி பழந்துணியில் சுற்றி எடுத்துச் சென்ற பொருள்களுள் ஈயச் சொம்பும் ஒன்று. அதில் கொதித்த இரசத்தின் சுவை குறித்து நாம் இங்கு வழக்காட வரவில்லை. அச்சொம்பும் அதன் உறவுப் பாத்திரங்களும் அடுப்படியை விட்டு விலகிய வரலாற்றையே காண விழைகிறோம்.

செம்புக்கும் பித்தளைக்கும் புளி பகை. புளிக்குழம்பு அவற்றில் பட்டால் களிம்பேறும். ஆகவே உட்புறத்தில் வெள்ளீயம் பூசினர். ஈயம் பூசுபவர் தெருவோரத்தில் சிறு குழி தோண்டித் துருத்தியால் கரிநெருப்பை மூட்டுவார்; காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்துண்டை உரசி, பஞ்சால் விரைந்து தேய்ப்பார். வெண்புகை எழும், மறுகணமே மஞ்சள் மறைந்து உட்புறம் வெள்ளிபோல் ஒளிரும். சிறுவர் சுற்றி நின்று வியக்க வேறென்ன வேண்டும்! பூச்சுத் தேய்ந்ததும் அவரே மீண்டும் வரவேண்டும். வடபுலத்துத் தெருக்களில் இவரைக் 'கலாய்வாலா' என்றனர். வெள்ளீயமோ பெரும்பாலும் கடல் கடந்து, மலாய் நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வந்தது.

1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். இலேசானது, பூச்சு வேண்டாதது. எனினும் புளி அதனையும் விட்டுவைக்கவில்லை. புளிக்கு அஞ்சாத உலோகம் பின்னரே வந்தது. 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகின் வழிவந்ததே நம் எவர்சில்வர். 1982-இல் சேலம் உருக்காலை அதன் தகடுகளை உருட்டத் தொடங்குமுன்பே பழைய பாத்திரங்கள் பரணேறிவிட்டன. "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரல் கேட்டு அவை தெருவுக்கு இறங்கின. விளிம்பில் உளியால் வெட்டியிருந்த பாட்டியின் பெயரும், சீர் வந்த ஆண்டும் அவற்றோடு எடைக்குப் போயின. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அவற்றை விட்டால் வேறு எழுத்துச் சான்று ஏது?

இன்று சிலர் ஈயச் சொம்பை மீண்டும் தேடுகின்றனர். இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. வெள்ளீயம், காரீயம் என்னும் இரு வேறு உலோகங்களுக்கும் ஈயம் என்பதே பொதுப்பெயர். சில வட்டாரங்களில் அலுமினியமும் ஈயமே. முன்னது சமையலுக்கு உகந்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் நஞ்சு. தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் மெல்லிய முறுமுறுப்பு எழும். காரீயம் ஓசையின்றி வளையும். ஆனால் சிறிதளவு கலப்படத்தைக் காதாலோ கண்ணாலோ அறிதல் அரிது. ஆய்வுக்கூடமே சொல்ல வல்லது. அச்சான்று இல்லாத சொம்பை, அது எத்துணைப் பளபளப்பாயினும், நாம் அடுப்பில் ஏற்றமாட்டோம். சான்றுள்ள சொம்பையும் வெறுமையாக ஏற்றலாகாது. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். இரசம் கொதிக்கும் வரையில்தான் சொம்புக்கு உயிர்.