தப்பியவருக்கு அபராதம், பிணையாளருக்குச் சிறை: 446-ஆம் பிரிவின் வரலாறு

பிணை பற்றி இந்தியாவில் எழுதுவோர் பெரும்பாலும் மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு (1978) தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் பிணை தந்த பிறகும், கீழமை நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். உடன்பிறந்தவர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த ஆணையை நீக்கி, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரம் போதும் என்றார். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் என்ன செய்வார் என்றும் கேட்டார். அந்தக் கேள்வியின் நியாயம் இன்றும் குறையவில்லை. ஆனால் நோயின் வேர் எங்கே என்பதில் அவரோடு உடன்பட முடியவில்லை.

அவருடைய வாதத்தின் எடை, பிணை வழங்கும் பிரிவுகளின் மேலேயே விழுகிறது. நடுவர்கள் சட்டத்தைக் குறுகலாகவும் பணத்தை அளவுகோலாகவும் கொண்டு படித்தார்கள் என்பது அவர் முடிவு. நான் பார்ப்பது மறுமுனையை: வாய்தாவுக்கு வராதவரை அன்றைய சட்டம் என்ன செய்தது?

1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 514-ஆம் பிரிவு, பத்திரத்தொகை வசூலாகாவிட்டால் பத்திரத்தால் கட்டுண்டவரை ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம் என்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர், பிணையாளர் என்ற வேறுபாடு அதில் இல்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே விதி, 1980-இன் 63-ஆம் சட்டத்தின் வழியாகத்தான், 446(2)-இன் வரம்புரையாக வருகிறது. ஆறு மாதம் மாறவில்லை. ஆனால் கட்டுண்டவர் என்றிருந்த இடத்தில், பிணையாளராகக் கட்டுண்டவர் என்று நிற்கிறது. இந்தச் சேர்க்கையை உரையாசிரியர்கள் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். 1980 முதல், ஆளைக் கொண்டுவரத் தவறிப் பத்திரத்தொகையும் வசூலாகாத பிணையாளர் சிறைக்குப் போகலாம். தலைமறைவானவரிடம், அந்தப் பத்திரத்தின் பேரில், அபராதம்போலப் பணம் மட்டுமே வசூலிக்கலாம். பிடிவாரண்டில் அவர் சிக்கலாம், பிணையை இழக்கலாம். ஆனால் வராமல் போனதற்கென்று அன்று அவருக்குத் தனித் தண்டனை இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு இருந்ததே எனலாம். அது பொது ஊழியரின் ஆணைக்குக் கீழ்ப்படியாமையைப் பற்றியது. அவரவர் எழுதிக்கொடுத்த பத்திரம் அந்த ஆணைக்குள் அடங்குமா என்பது ஐயத்துக்குரியது. அடங்காது என்றே கருதுகிறேன்.

அப்படியானால், சொத்துள்ள உள்ளூர்ப் பிணையாளரை நடுவர் கேட்டதற்கு வர்க்கச் சார்பு மட்டும் காரணமல்ல. 1978-இல் பிணையாளரைச் சிறைக்கு அனுப்பும் வரம்புரை இன்னும் வரவில்லை. ஆனாலும் பத்திரத்தொகையை வசூலிக்க நடுவர் கையில் இருந்த பிடி, சொத்துள்ள பிணையாளர் மேல்தான். தீர்ப்புக்கு இரண்டாண்டு கழித்து, அந்த வரம்புரையைக் கொண்டுவந்த அதே 1980-இன் 63-ஆம் சட்டம் 446ஏ பிரிவையும் சேர்த்தது: தக்க காரணமின்றிப் பத்திர நிபந்தனையை மீறியவரை, அதே வழக்கில், சொந்தப் பத்திரத்தை மட்டும் நம்பி மீண்டும் விடக்கூடாது. இது தீர்ப்புக்கு எதிர்வினை என்று நிறுவ என்னால் இயலாது. ஆனால் நாடாளுமன்றத்தின் நம்பிக்கை எவர்மேல் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1976-ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம், நியாயமான காரணமின்றி வராமல் போவதை 6-ஆம் பிரிவில் குற்றமாக்கியது. 3-ஆம் பிரிவில், வருகைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவரிடமே பணப்பத்திரம் வாங்கும் வழக்கத்தை ஒழித்தது. ஒன்றை வைத்து மற்றொன்றை எடுத்தார்கள். நாம் எடுக்காமலே வைத்தோம். 2005-இன் 25-ஆம் சட்டம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 229ஏ பிரிவைச் சேர்த்து, ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது. தக்க காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அவர்மேலேயே சுமத்தியது. அதன் விளக்கவுரையோ பத்திரத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை அப்படியே காத்தது. பிணையாளரின் சிறையும் நீங்கவில்லை. திருப்புமுனையை 2005 என்பதா, பிரிவு நடைமுறைக்கு வந்த 2006 ஜூன் 23 என்பதா என்பதில் ஒருமித்த வழக்கு இல்லை. பிந்தையதே பொருந்தும் என்பேன், உறுதியாக அல்ல.

2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-ஆம் பிரிவாகவும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 491, 492-ஆம் பிரிவுகளாகவும் தொடர்கின்றன. பிணையாளரைச் சிறைக்கு அனுப்பும் வரம்புரையும் கூடவே வந்திருக்கிறது. 269 பேசுவது குற்றம் சாட்டப்பட்டுப் பிணையில் விடப்பட்டவரைப் பற்றி. குற்றப்பத்திரிகைக்கு முன்பே வெளிவந்து, பிறகு வராமல் போனவர் இதற்குள் வருவாரா? பிரிவின் வாசகம் இரண்டு வாசிப்புக்கும் இடம் தருகிறது. தண்டனை விதியைக் குறுக்கிப் படிக்கும் மரபையொட்டி, அவர் வரமாட்டார் என்றே நான் படிக்கிறேன்.