தன்பால் ஈர்ப்பாளர் உரிமைகள்

சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினிக்கு 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு வழிதிறந்தது. 2019இல் திருநர்க்குப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் வந்தது. தன்பால் ஈர்ப்பாளருக்கு அத்தகைய சட்டம் இன்றுவரை இல்லை. மனமொத்த உறவு குற்றமல்ல என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டார் புகாரை வைத்து இணையரைப் போலீசார் அலைக்கழிக்கக் கூடாதென 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். வேலை மறுக்கும் தனியார் முதலாளியை இந்தத் தீர்ப்பும் உத்தரவும் தொடுவதில்லை.

தத்தெடுப்பில் அநீதி இன்னும் வெளிப்படை. தனியாள் தத்தெடுக்கலாம், இணையராக முடியாது. ஈராண்டு மணவாழ்வு கோரும் விதியை 2023இல் உச்ச நீதிமன்ற அமர்வின் ஐந்து நீதிபதிகளில் மூவர் ஏற்றனர். குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டும் என்பார்கள். தனியாளிடம் பிள்ளையைத் தரும் சட்டம் அந்த வாதத்தை என்றோ கைவிட்டுவிட்டது. இழப்பு குழந்தைக்குத்தான்: உடன் வளர்ப்பவர் மருத்துவமனைப் படிவத்தில் பெற்றோராகக் கையெழுத்திட முடியாது.