மிக்னானோவில் மாண்ட சுபேதார் சுப்பிரமணியன்

வீரர் வரலாறு கேட்கும்போது அவர் எத்தனை பகைவரைக் கொன்றார் என்று வினவுதல் நம்மவர் வழக்கம். யாம் ஈண்டு எழுதப்புகுந்த வீரரோ, உயிர் வாங்கியதனாலன்றி உயிர் காத்ததனால் பெயர் பெற்றவர்.

காஞ்சீபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரினரான சுப்பிரமணியன் அவர்கள், மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்னும் படையிற் சேர்ந்து சுபேதார் ஆனவர். 1780-ல் தோன்றிய இப்படை பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. பாலங் கட்டுதல், பாதை சமைத்தல், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுதல் முதலியன இதன் பணிகள். சேனையில் இவர்களைத் 'தம்பிகள்' என்றழைப்பர். ஏனைய பட்டாளங்களுக்கு வழி செய்துகொடுக்கும் இத்தம்பிமாரின் பெயர் வெற்றிச் செய்திகளில் அருகியே காணப்படும்.

1944-ம் ஆண்டுத் தொடக்கத்தில் நேசதேசப் படைகள் இத்தாலியில் ரோமாபுரியை நோக்கிச் சென்றன. வழியை மறித்து நின்றது காசினோ மலை. பிப்ரவரி 15-ல் அம்மலைமீதிருந்த பழைய மடாலயம் விமானக் குண்டுகளால் தகர்க்கப்பட்டது. அதனையடுத்து 4-வது இந்திய டிவிஷன் மலைச்சரிவுகளிற் கடும்போர் புரிந்து பெருஞ்சேதமுற்றது. மிக்னானோ என்பது காசினோவுக்குத் தென்கிழக்கே, மலைகளுக்கிடையே உள்ளதோர் ஊர். அப்பக்கத்தினின்று ஜெர்மானியர் முன்னரே பின்வாங்கிவிட்டனர்; அவர்கள் புதைத்த கண்ணிகளோ அங்கேயே கிடந்தன.

அவற்றின் தன்மையைச் சிறிது கூறல்வேண்டும். ஜெர்மானியர் மிகுதியாகக் கையாண்ட ஒருவகைக் கண்ணி, மிதித்தவுடன் வெடிப்பதில்லை. ஏறக்குறைய நான்கு வினாடி கழித்து, மண்ணினின்றும் இடுப்பளவு துள்ளியெழுந்து வெடித்து, 300-க்கு மேற்பட்ட எஃகுக் குண்டுகளை நாற்புறமும் சிதறும். மிதித்தவன் ஒருவன், மாள்பவர் பலர்.

பிப்ரவரி 24-ல் மிக்னானோவில் கண்ணியகற்றும் பணியில் இருக்கையில், ஒரு கண்ணி வெடிக்கத் தலைப்பட்டது. சுபேதார் அதன்மீதே பாய்ந்து வீழ்ந்து, தம் உடலால் அதனை மூடினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் உயிர் காக்கப்பட்டது. இதனை ஏதோ திகைப்பில் நேர்ந்த செயலென்று தள்ளிவிட முடியாது. கண்ணியின் இயல்பை அறிவதே அவர்தம் தொழில். ஓடவும் படுக்கவும் எவ்வளவு அவகாசமுண்டு என்பதையும், தாம் ஓடினால் பிறர் கதி யாதாகும் என்பதையும் அவரினும் நன்கறிந்தவர் யாவர்?

அந்நியர் ஆட்சியின் சேனையிற் பணிபுரிந்தவரைப் போற்றலாமோ என்று ஐயுறும் அன்பர்களும் உளர். அவர்கட்கு யாம் சொல்வது, அந்த நான்கு வினாடிகளில் அவர்முன் நின்றது சாம்ராஜ்யம் அன்று, உடன் வந்த வீரர்கள் என்பதே.

அவருக்கு அளிக்கப்பட்டது ஜார்ஜ் கிராஸ் என்னும் விருது. 1940-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது. பகைவர் முன்னிலையிற் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். பகைவர் எதிரில்லாவிடத்துக் காட்டும் பெருந்துணிவுக்கு இது. இதனை ஒருபடி தாழ்ந்ததாகச் சிலர் எண்ணுவர். யாம் அங்ஙனம் கருதோம். பகைவன் எதிர்நின்றால் சினமேனும் துணைநிற்கும். மிக்னானோவில் சினங்கொள்ளவும் ஒருவரில்லை. 1944 ஜூன் 30-ல் இவ்விருது லண்டன் கெஜட்டில் வெளியாயிற்று. அவர் மறைந்து அப்போது நான்கு மாதங்கள் கடந்துவிட்டன.